பாட்டு, வீடியோ, புகழ்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். வேலை புதுச்சேரியில். பாட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பதிலுக்குப் பத்து வார்த்தை பேசுகிற ஆள் என்று பஸ்ஸிலும் ஆபீசிலும் சொந்தக்காரர்கள் மத்தியிலும் பெயர் வாங்கியாகிவிட்டது. கேள்வி அதேதான், கேட்கிற ஆள்தான் மாறுகிறார். எழுதி வைத்துவிட்டால் தொண்டைத் தண்ணீர் மிச்சம். நான் சங்கீதம் படித்தவன் இல்லை, எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கேட்கிறவன், அவ்வளவுதான்.

தமிழில் பாப் பாட்டு என்று தனியாக ஒன்று இருக்கிறதா? எல்லாமே சினிமாப் பாட்டுதானே?

இருக்கிறது. ஆனால் நாம் அதையும் சினிமாப் பாட்டு என்றே நினைத்துக்கொள்கிறோம். மால்குடி சுபாவின் 'வால்பாறை வட்டப்பாறை' எந்தப் படம் என்று இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. எந்தப் படமும் இல்லை. ஏ.ஆர். ரகுமானின் 'வந்தே மாதரம்' ஆல்பம் 1997-இல் வந்தது. அதிலிருந்து 'தாய் மண்ணே வணக்கம்' ஆகஸ்ட் 15 வந்தால் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒலிக்கிறது. அதற்கும் படம் கிடையாது. 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி குழுவின் 'வல்லவன்' வந்தது. 'நிழல்கள்' படத்து 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதன்மேல் ராப் பாடியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் மெமரி கார்டில் அது இல்லாமல் இருக்காது. அப்புறம் 2012-இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப் ஹாப் தமிழன்'. 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி'. 2024 தொடக்கத்தில் சாய் அப்யங்கரின் 'கட்சி சேர'.

கோர்த்துப் பார்த்தால் முப்பது வருஷக் கதை இருக்கிறது. நடுநடுவே பெரிய பெரிய இடைவெளியும் இருக்கிறது. ஒருவர் வருகிறார், ஜெயிக்கிறார், சினிமா அவரை அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த இடம் காலியாகிவிடுகிறது.

ஏன் எல்லாரும் கடைசியில் சினிமாவுக்கே போகிறார்கள்?

அங்கேதான் சம்பளம் இருக்கிறது, வேறென்ன. ஹிப்ஹாப் தமிழா 2015-இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்தார்கள். 2017-இல் ஆதி தானே இயக்கி, தானே நடித்து 'மீசைய முறுக்கு' எடுத்தார். சாய் அப்யங்கர் இரண்டு மூன்று தனிப்பாட்டு போட்ட வேகத்திலேயே பெரிய படங்களுக்கு ஒப்பந்தமானார். இன்றைக்குத் தனிப்பாட்டு என்பது பல பேருக்குச் சினிமா ஆபீஸ் கதவைத் தட்டும் விசிட்டிங் கார்டுதான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று நிமிஷப் பாட்டில் இருந்த சுதந்திரம், ஹீரோ அறிமுகப் பாட்டு எழுதும்போது இருக்குமா? 'எண்ணிப் பத்து விநாடியில் விசில் வரணும்' என்று சொல்கிற இடத்தில் எப்படி இருக்கும்?

யூடியூப் பார்வை எண்ணிக்கையை நம்பலாமா?

ஒரு பாட்டு எத்தனை திரையில் ஓடியது என்று அது சொல்லும். எத்தனை பேர் மனதில் நின்றது என்று சொல்லாது. இரண்டுக்கும் நடுவில் நிறைய வியாபாரம் இருக்கிறது.

2019 ஜூலையில் பாட்ஷா என்ற இந்தி ராப் பாடகரின் 'பாகல்' வீடியோ ஒரே நாளில் 7.5 கோடி பார்வை வாங்கியதாக அறிவித்தார்கள். உலக சாதனை. ஆனால் யூடியூப் அதைக் கொண்டாடவே இல்லை. அந்தப் பார்வைகளில் பெரும்பகுதி காசு கொடுத்து விளம்பரமாக ஓடவிட்டு வந்தது என்று தெரிந்தது. அப்போது அது விதிமீறல்கூட இல்லை, மற்ற நாட்டுக் கம்பெனிகளும் செய்துகொண்டிருந்தன. செப்டம்பரில் யூடியூப் விதியை மாற்றியது: 24 மணி நேர சாதனைக்கும் இசைப் பட்டியலுக்கும் விளம்பரப் பார்வை சேராது. ஆனால் வீடியோவுக்குக் கீழே நீங்கள் பார்க்கிற மொத்த எண் வேறு கணக்கு. அதைத்தான் நம் ஆட்கள் போஸ்டர் அடிக்கிறார்கள்.

இதோடு ரசிகர் மன்றக் கணக்கும் சேரும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, தலைவர் பாட்டு வெளியான ராத்திரி மூன்று போனில் சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டுத் தூங்கினான். பாட்டு எப்படி என்று காலையில் கேட்டேன். இன்னும் முழுசா கேக்கலண்ணே என்றான்.

எண்ணிக்கை விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை 'கங்னம் ஸ்டைல்' கதைதான். அந்தக் கொரியப் பாட்டு 2012 டிசம்பரில் யூடியூபில் முதன்முதலாக நூறு கோடியைத் தொட்டது. 2014-இல் 2,147,483,647-ஐத் தாண்டியது. அதற்கு மேல் எண்ண அந்தக் கணக்கு முறையில் இடமே இல்லை. யூடியூப்காரர்கள் இன்னும் பெரிய எண்ணைத் தாங்கும்படி அதை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு குதிரை டான்ஸுக்காக!

அப்படியென்றால் ஒரு பாட்டு ஹிட் ஆனதை எதை வைத்துச் சொல்வீர்கள்?

பேண்டு செட்டை வைத்து. கல்யாண ஊர்வலத்தில் டிரம்பெட்காரர் அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும். அங்கே பாடகர் குரல் இல்லை, வரி இல்லை, ஹீரோ முகம் இல்லை. மெட்டு மட்டும் தெருவில் தனியாக நடந்து வருகிறது. வாசலில் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பாட்டி அதைக் கேட்டுத் தலையாட்டினால் அது ஹிட். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றால், எத்தனை கோடி பார்வை இருந்தாலும் எனக்குக் கணக்கில்லை.

இரண்டாவது சோதனை கடலூர்–புதுச்சேரி தனியார் பஸ். முக்கால் மணி நேரம், ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பாட்டு. டிரைவர் யாருக்கும் ரசிகர் மன்றம் நடத்துவதில்லை. கூட்டம் முணுமுணுக்கவில்லை என்றால் தவளக்குப்பம் தாண்டுவதற்குள் மாற்றிவிடுவார். ஆறு மாதம் கழித்தும் ஒரு பாட்டு அந்தப் பென் டிரைவில் இருந்தால் அதற்கு ஆயுசு கெட்டி. இளையராஜாவின் எண்பதுகள் அங்கே இன்னும் காலி செய்யவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'கொலவெறி' உண்மையிலேயே நல்ல பாட்டா, இல்லை சும்மா கிளம்பிய புயலா?

நல்ல பாட்டு. 2011 நவம்பர் 16-ஆம் தேதி வந்தது. அது இடம்பெற்ற '3' படம் வந்தது அடுத்த வருஷம் மார்ச் கடைசியில். படத்துக்கு நாலு மாதம் முன்னால் பாட்டு தனியாகவே ஊரைச் சுற்றிவிட்டது. வீடியோவில் என்ன இருந்தது? ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் தனுஷ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடுகிறார், அனிருத் பக்கத்தில் இருக்கிறார். செட் இல்லை, சுவிட்சர்லாந்து இல்லை. பாட்டு உருவாகிற இடத்தையே காட்டியதால்தான் 'இதை நானும் பாடலாம் போலிருக்கிறதே' என்ற எண்ணம் எல்லாருக்கும் வந்தது. எல்லாரும் பாடவும் செய்தார்கள்.

எங்களுக்கு அந்தப் பாட்டோடு இன்னொரு ஞாபகமும் ஒட்டியிருக்கிறது. அதே டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கரண்டு போனது போனதுதான், கிராமங்களில் வாரக்கணக்கில் வரவில்லை. டிவி இல்லை, யூடியூப் இல்லை. தண்ணி லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது பிள்ளைகள் அதைத்தான் பாடிக்கொண்டிருந்தன, வரியை மாற்றிப் போட்டு, மின்வாரியத்தைத் திட்டி. வீடியோ இல்லாமலும் உயிரோடு இருந்த பாட்டு. எனக்கு அந்த ஒரு சாட்சி போதும்.

'ரவுடி பேபி' அவ்வளவு ஓடியதற்கு யார் காரணம்?

கேட்டால் எல்லாரும் சாய் பல்லவி என்பார்கள். அவர் ஆட்டத்துக்கு நானும் ரசிகன்தான். 2019 ஜனவரியில் வீடியோ வந்தபோது நான்கூட முதலில் அவரைத்தான் பார்த்தேன். ஆனால் அந்தப் பாட்டில் அவர் வாயசைக்கிற குரல் தீ என்ற பாடகியுடையது. நடனம் அமைத்தவர் பிரபுதேவா. மெட்டு யுவன் சங்கர் ராஜா. எழுதியதும் கூடப் பாடியதும் தனுஷ். தெருவில் பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்கள், தீயின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள் பார்ப்போம்.

ஒரு கொசுறு: தென்னிந்தியப் பாட்டுகளில் நூறு கோடிப் பார்வையை முதலில் தொட்டது இதுதான். அது நடந்தது 2020 நவம்பர் 16. கொலவெறி வந்து சரியாக ஒன்பது வருஷம்.

'எஞ்சாயி எஞ்சாமி' சண்டையில் நீங்கள் யார் பக்கம்?

இந்தக் கேள்விக்குத்தான் எங்கள் ஆபீஸில் டீ ஆறிப்போகும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2021 மார்ச்சில் பாட்டு வந்தது. பாடியவர்கள் தீயும், தலித் மக்களின் குரலாகப் பாடுகிற ராப் பாடகர் அறிவும், தயாரித்தவர் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். நிலமில்லாமல் உழைத்தவர்களின் கதையை அவர் வழியாக அந்தப் பாட்டு சொல்கிறது. ஒப்பாரியும் ராப்பும் ஒரே மூச்சில் வரும். வீடியோவில் பாட்டியே வந்து உட்கார்ந்திருப்பார்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. சத்தம் கிளம்பிய பிறகு அறிவுக்கும் இணையத்தில் ஓர் அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதைப் பாடினார்கள். அங்கேயும் அறிவு இல்லை. பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடியது தான் என்று அவர் எழுதினார். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார், மெட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு, வருமானம் மூன்று பேருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் சொன்னார்.

மெட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று அறைக்கு வெளியே நிற்கிற நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் மேடையைப் பற்றிச் சொல்ல முடியும். அந்தப் பாட்டின் உயிர் அந்தப் பாட்டியின் கதை. அதை வீட்டிலிருந்து கொண்டுவந்தவர் இல்லாத மேடையில், விழா நடத்துகிறவர்கள் அவர் பெயரையாவது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். தாளில் சம பங்கு இருக்கலாம், வெளிச்சத்தில் இல்லை. சாதி இதில் இல்லவே இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் டீ குடிப்பேன், ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2024-இல் கதை இன்னொரு பக்கம் திரும்பியது. இத்தனை கோடிப் பார்வைக்குப் பிறகும் தங்களுக்கு ஒரு பைசாகூட வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். மூன்று வருஷமாக நாம் யார் பெரியவர் என்று அடித்துக்கொண்டிருந்தோம்.

வீடியோவைப் பார்க்காமல் பாட்டைக் கேள் என்று எல்லாரிடமும் சொல்கிறீர்களாமே?

முதல் தடவை மட்டும். பாட்டு காதுக்குள் போய் உட்கார்ந்த பிறகு ஆயிரம் தடவை பாருங்கள். நான் வீடியோவுக்கு எதிரி இல்லை. 1981 ஆகஸ்டில் எம்டிவி தொடங்கியபோது ஒளிபரப்பிய முதல் பாட்டே வீடியோ வந்து ரேடியோ நட்சத்திரத்தைக் கொன்றுவிட்டது என்று பாடிய பாட்டுதான். 1983-இல் மைக்கேல் ஜாக்சன் 'திரில்லர்' பாட்டுக்குக் கிட்டத்தட்ட 14 நிமிஷத்தில் ஒரு பேய்ப் படமே எடுத்துக் காட்டினார். அமெரிக்காக்காரனுக்கு அது புதுசு. பாட்டுக்குப் படம் பிடிப்பதை நாம் அதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே செய்துகொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' போட்டால் தெரு வெறிச்சோடும் காலத்தைப் பார்த்தவர்கள் நாம்.

ஆனால் அப்போது பாட்டு முதலில் ரேடியோவில் வரும். இலங்கை வானொலியிலோ டீக்கடையிலோ கேட்டு, காட்சி எப்படி இருக்கும் என்று நாமே கற்பனை செய்து வைத்திருப்போம். படம் பார்த்தால் பாதி நேரம் நம் கற்பனைதான் நன்றாக இருந்திருக்கும். இப்போது அந்த இடைவெளி இல்லை. லிரிக் வீடியோவிலேயே ஹீரோ நடந்து வருகிறார், பாட்டின் கொக்கி வரும் இடத்தில் ரீல்ஸுக்கென்று ஒரு ஸ்டெப். பதினைந்து விநாடிக்காகப் பாட்டு எழுதி, மீதி மூன்று நிமிஷத்தைச் சும்மா நிரப்பியது போல இருக்கிறது. இரண்டாவது சரணம் என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போனது?

ஆட்டோட்யூன் பிடிக்குமா?

பிசகிய சுருதியைக் கணினியில் சரிசெய்கிற மென்பொருள்தானே? அளவாகப் பிடிக்கும். 1998-இல் அமெரிக்கப் பாடகி ஷேர் பாடிய 'பிலீவ்' பாட்டில் அதை மறைக்காமல் வேண்டுமென்றே குரலை உடைத்துக் காட்டினார்கள். அது ருசி. பாட வராத ஹீரோவைப் பாட வைக்கப் பயன்படுத்துவது வேறு.

புதுச்சேரியில் எடுத்த பாட்டு என்றாலே மஞ்சள் சுவர்தானா?

அப்படித்தான் ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் இருக்கிற ஒயிட் டவுனில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து பாருங்கள். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு கேமரா, காதலர், ஊதா நிறக் காகிதப்பூ. அந்த வீட்டுக்காரர்கள் பால் வாங்கக் கதவைத் திறந்தால் ஷாட் கெட்டுவிடும் என்று கையைக் காட்டுகிறார்கள். 'நானும் ரௌடிதான்' படத்தில் ஊர் கொஞ்சம் ஊராகத் தெரிந்தது, கதையே இங்கே நடப்பதால். மற்றபடி முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு, அரியாங்குப்பம் எல்லாம் பாட்டில் இல்லாத புதுச்சேரி. கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போது இருக்கிற தாளத்துக்கு எந்த இயக்குநரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

புதுச்சேரியைத் தொட்ட பாட்டில் உலக மேடைக்குப் போனது ஒரு தாலாட்டு. 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக பாம்பே ஜெயஸ்ரீ தமிழில் எழுதிப் பாடியது. 2013-இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. பரிசு அடெல் பாடிய 'ஸ்கைஃபால்' பாட்டுக்குப் போனது. ஆனாலும் தொட்டிலாட்டுகிற வீட்டில் எது எடுபடும் என்று எனக்குத் தெரியும்.

நேரில் பாட்டு கேட்க இங்கே எங்கே போவது?

ஜூன் 21 ஒட்டி புதுச்சேரியில் இருங்கள். பிரான்ஸில் 1982-இல் தொடங்கிய இசைத் திருநாளை இங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் என்கிற பிரெஞ்சு மொழி, கலாச்சார மையம் நடத்துகிறது. நுழைவுக் கட்டணம் இல்லாமல், பெயர் தெரியாத குழுக்களைக் கேட்கலாம். சில நல்லா இருக்கும், சில தாங்காது. கடற்கரைச் சாலை காந்தி திடல் பக்கமும் அவ்வப்போது ஏதாவது நடக்கும். எங்கள் ஊரில் மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வாருங்கள். ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் பம்பை, நடுவில் யாரோ ஸ்பீக்கரில் இந்த வருஷ ஹிட். மூன்றையும் ஒரே காதில் வாங்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

என் பொண்ணு ராத்திரி பகலாக பிடிஎஸ் கேட்கிறாள். கண்டிக்கலாமா?

கேட்டது என் அக்கா. எதற்குக் கண்டிக்க வேண்டும்? தென் கொரியாவில் 2013-இல் அறிமுகமான ஏழு பையன்கள், 2020-இல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். ஆட்டத்தில் ஏழு பேரும் ஒரு நூல் பிசகவில்லை. அந்த உழைப்பைப் பார்த்து ஒரு பிள்ளை வாய் பிளந்தால் தப்பில்லை. நாம் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிய தலைமுறை, அக்கா. என் மருமகள் இதுவரை பால் பாக்கெட் எதையும் வீணாக்கவில்லை. அதுமட்டுமில்லை, எந்தப் பாட்டை யார் எழுதினார்கள், யார் தயாரித்தார்கள் என்று அவளுக்கு மனப்பாடம். நம் பக்கத்து ரசிகர்களிடம் நான் இதைத்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

சாமான் வாங்கச் சொல்லிக் காசு கேட்டால் மட்டும் கணக்குப் பாருங்கள். ஒரே ஆல்பத்தை நாலு அட்டையில் விற்பார்கள்.

இளையராஜா பாட்டுக்கு உரிமை கேட்பது நியாயமா?

பாதி நியாயம் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் முழுசாகவே நியாயம் என்பதுதான் என் எண்ணம். 2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் போனபோது எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பாடியவரே பாடக் கூடாதா என்று எல்லாரும் கொதித்தார்கள். ஆனால் டிக்கெட் போட்டு நடத்துகிற மேடையில் மைக் செட்டுக்குக் காசு, ஹாலுக்குக் காசு, பாடகருக்குக் காசு. மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் மட்டும் கும்பிடா? 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதே, கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு போகாமல் போகக் கூடாது என்றுதான். கேட்ட விதம் கடுமையாக இருந்தது என்றால், சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்தால் வாழ்க்கை செட்டிலா?

இல்லை. 'சூப்பர் சிங்கர்' 2006-இல் தொடங்கியது. அதில் பாடிய எத்தனை பேரை உங்களுக்கு இப்போது ஞாபகம் இருக்கிறது? நல்லாப் பாடியவர்கள்தான் எல்லாரும். அடுத்த சீசன் தொடங்கியதும் புது முகம் வந்துவிடுகிறது. போன சீசன் பிள்ளை கல்யாணக் கச்சேரிக்கு வந்து, தன் பாட்டு ஒன்றுகூட இல்லாமல் அடுத்தவர் பாட்டையே பாடிவிட்டுப் போகிறது. புகழ் சீக்கிரம் வந்தது, பாட்டு இன்னும் வரவில்லை.

டாப் பத்துப் பாட்டு லிஸ்ட் கொடுங்களேன்.

மாட்டேன். போன தடவை கொடுத்ததற்கு மச்சான் இன்னும் பேசவில்லை.

நானே ஒரு பாட்டு போட்டு ரெக்கார்டு பண்ணி வைத்திருக்கிறேன், அண்ணே. அடுத்து என்ன?

முதலில் கூட இருந்தவர்களோடு உட்கார்ந்து யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள். பாட்டு ஓடாத வரைக்கும்தான் அந்தப் பேச்சு. வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகலாம். ராயல்டி வசூலித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. வீடியோவுக்கு ட்ரோன் வாடகைக்கு எடுக்கும் முன் வெறும் ஆடியோவைத் தெரிந்த பஸ் டிரைவரிடம் கொடுத்து ஒரு வாரம் ஓடவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், பாடல் விவரத்தில் எல்லார் பெயரும் வர வேண்டும். இரண்டாவது நிமிஷத்தில் பம்பை அடித்தாரே, அவர் பெயர் தெரியாது என்றால் போன் போட்டுக் கேளுங்கள். அது வந்த பிறகு பாட்டை ஏற்றலாம்.